வேரா, பூவா? குளியல் பொடிக்குச் சரக்கு வாங்கும் முன்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் உரிமம் பெற்றுச் சிறிய அளவில் குளியல் பொடியும் கூந்தல் தைலமும் தயாரித்து விற்கிறேன். மாதம் 40 கிலோ பொடி, 60 லிட்டர் தைலம். பொடியில் பாதி பாசிப்பயறு. மீதியில் ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ், வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கார்போகரிசி, மகிழம்பூ, கொஞ்சம் சந்தனத்தூள். தைலத்தில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், கரிசலாங்கண்ணி, வேம்பாளம்பட்டை, சடாமாஞ்சில். பெங்களூரில் ஒரு கடை என் பொருள்களை வாங்க முன்வந்திருக்கிறது. ஆனால், ‘உங்கள் மூலிகைகள் காட்டை அழிக்காமல் எடுக்கப்பட்டவை என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று எழுதிக் கேட்கிறார்கள். எல்லாச் சரக்கையும் நாட்டு மருந்துக் கடையில்தான் வாங்குகிறேன். அங்கே கேட்டால், ‘எல்லாமே இயற்கைதானம்மா’ என்கிறார்கள். ஆர்கானிக் சான்று உள்ள சரக்காக வாங்கினால் போதுமா? லேபிளில் என்ன போடலாம்? அடுத்து லிப் பாமும் சோப்பும் செய்யும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பெங்களூர்க் கடை நல்ல கேள்வி கேட்டிருக்கிறது. ‘எல்லாமே இயற்கைதான்’ என்பது அதற்குப் பதில் ஆகாது. இமயமலையில் தோண்டி எடுத்து அழிந்துகொண்டிருக்கும் கிழங்கும் இயற்கைதான். உங்கள் வரப்பில் களையாக முளைக்கும் கோரையும் இயற்கைதான். இரண்டும் ஒரே கடையில், ஒரே மாதிரிச் சாக்கில் இருக்கின்றன.

ஆர்கானிக் சான்று போதாது. அந்தச் சான்று முதன்மையாகச் சொல்வது, பயிரில் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடவில்லை என்பதை. காட்டிலிருந்து எடுப்பதற்கும் தேசிய ஆர்கானிக் திட்டத்தில் விதிகள் உண்டு. ஆனால் நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் பெரும்பகுதி எந்தச் சான்றுக்குள்ளும் வராமலே வந்து சேர்வது. 2008இல் தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காக நடந்த கணக்கெடுப்பில், இந்தியாவில் 960 வகை மூலிகைகள் வாணிபத்தில் இருப்பதாகக் கண்டார்கள். அவற்றில் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் புழங்குபவை 178. அந்த 178இல் பெரும்பாலும் பயிர் செய்து கிடைப்பவை 36 மட்டுமே. வெப்பமண்டலக் காடுகளிலிருந்து 70, குளிர்மலைக் காடுகளிலிருந்து 21, சாலையோரம், தரிசு போன்ற இடங்களிலிருந்து 46, இறக்குமதி 5. ஆகவே எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், எங்கிருந்து, யார் கையால் என்று ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியாகக் கேட்டால்தான் உங்களிடம் உண்மையான ஆதாரம் சேரும்.

முதலில் பாகத்தைப் பாருங்கள். பூ, காய், விதை, உதிர்ந்த பழம் ஆகியவற்றை அளவோடு எடுத்தால் செடி நிற்கும். இலை எடுத்தாலும் துளிர்க்கும். பட்டையை மரத்தைச் சுற்றி உரித்தால் மரம் செத்துவிடும். காட்டில் வேரையும் கிழங்கையும் தோண்டினால் அந்தச் செடியின் கதை அன்றோடு முடிந்தது. உங்கள் பட்டியலை இந்த வரிசையில் திருப்பி எழுதினால், கவலைப்பட வேண்டியவை நான்குதான் என்று தெரியும்: சடாமாஞ்சில், வேம்பாளம்பட்டை, சந்தனத்தூள், பூலாங்கிழங்கு. உங்கள் சரக்கு எடையில் இவை மிகச் சிறு பங்கு. ஆனால் பெங்களூர்க் கடையின் கேள்விக்குப் பதில் இந்த நான்கில்தான் இருக்கிறது.

சடாமாஞ்சில் இமயமலையில் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் வளரும் சிறு செடி. நேபாளம், உத்தராகண்ட், சிக்கிம், பூடான் பகுதிகளில் காணப்படுகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலில் இது ‘மிக அருகிய இனம்’. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1997 முதல் இருக்கிறது. எடுப்பது தரைக்கடியில் இருக்கும் தண்டும் வேரும். ஒரு செடியில் காய்ந்த பின் சில கிராம்தான் தேறும். குளிர்மலையில் வளர்ச்சி மிக மெதுவானது. தோண்டிய இடத்தை ஐந்தாண்டாவது விட்டுவைக்க வேண்டும் என்று அங்கே வேலை செய்பவர்கள் வற்புறுத்துகிறார்கள். நீங்கள் லிட்டருக்கு 5 கிராம் போடுவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 300 கிராம், ஆண்டுக்கு 3.6 கிலோ. சில நூறு செடிகள் போயின. ஒரு சிறு தயாரிப்பாளரின் ஒரே தைலத்துக்கு இவ்வளவு.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முறையான சரக்கு மட்டும் வாங்குவது. நேபாளச் சரக்கு என்றால் சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதிச் சீட்டின் நகல், உத்தராகண்ட் சரக்கு என்றால் வனத்துறையின் போக்குவரத்துச் சீட்டின் நகல் வேண்டும். விற்பவர் இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும். சீட்டில் உள்ள எடையும் தேதியும் உங்கள் பில்லோடு பொருந்த வேண்டும். காட்டு மூலிகைக்கென உள்ள ஃபேர்வைல்டு சான்று பெற்ற சரக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. செடிகளின் எண்ணிக்கை குறையாமல் எடுக்கிறார்களா, சேகரிப்பவருக்கு நியாயமான கூலி போகிறதா என்ற இரண்டையும் அந்தச் சான்று பார்க்கிறது. இன்னொரு வழி, இதை விட்டுவிடுவது. உங்கள் இடத்தில் இரண்டாவதே சரி என்பேன். 3.6 கிலோவுக்காக எந்த மொத்த வியாபாரியும் சீட்டைத் தேடி எடுத்துத் தர மாட்டார். போதாததற்கு, சடாமாஞ்சில் என்ற பெயரில் வேறு செடிகளின் வேர்க்கட்டையும் கலந்து வருகிறது. தைலத்தில் அது தரும் கனமான மண்வாசனைக்கு, பயிர் செய்த வெட்டிவேரும் கச்சோலம் என்ற வாசனைக் கிழங்கும் சேர்த்துப் பாருங்கள். வாசனை அப்படியே இருக்காது. வாடிக்கையாளரிடம் ஏன் மாற்றினீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

அடுத்தது வேம்பாளம்பட்டை. பலருக்குத் தெரியாத சிக்கல் இதில்தான். நம் நூல்களில் வேம்பாடம்பட்டை என்பது வெண்டிலாகோ என்ற காட்டுக் கொடியின் வேர்ப்பட்டை. ஆனால் இன்று கடைகளில் அதே பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி வடக்கே ரத்தன்ஜோத் என்று சொல்லும் சரக்கு. ஆர்னீபியா, ஓனோஸ்மா போன்ற இமயமலைச் செடிகளின் வேர். எல்லாமே எண்ணெயைச் சிவக்க வைப்பதால் நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. கொடியின் வேர்ப்பட்டை என்றால் கொடி போச்சு. ரத்தன்ஜோத் என்றால் அருகிவரும் மலைச்செடி போச்சு. அதோடு, ரத்தன்ஜோத் சேர்ந்த குடும்பத்துச் செடிகள் பலவற்றில், உள்ளே போனால் கல்லீரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டுகள் உண்டு. எந்தச் செடி என்றே தெரியாத ஒன்றை லேபிளில் பெயர் போட்டு விற்பது உங்களுக்கு நல்லதல்ல.

இது தைலத்துக்குத் தருவது முக்கியமாக நிறம். நிறம் வேண்டுமென்றால் சாப்பிரா (அன்னாட்டோ) விதையைப் பயன்படுத்துங்கள். ஆண்டுதோறும் காய்க்கும் சிறு மரம்; விதை மட்டுமே எடுக்கிறோம். எண்ணெயில் நன்றாகக் கரையும். லிட்டருக்கு 5 கிராமில் தொடங்குங்கள். எண்ணெயை 70 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து விதையை முழுதாகப் போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். புகையும் வரை காய்ச்சினால் நிறம் பழுப்பாகிவிடும். கிடைப்பது செம்மஞ்சள், ரத்தச் சிவப்பு அல்ல. அளவு கூடினால் தலையணை உறையில் கறை படியும். அதனால் ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

சந்தனத்தூளைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிலோ சில நூறு ரூபாய்க்கு வாங்குவது சந்தனம் அல்ல. சந்தன மரம் வைரம் பாயவே பல ஆண்டுகள் ஆகும். நல்ல எண்ணெய் சேர 25, 30 ஆண்டு வேண்டும். தமிழ்நாட்டில் 2002 முதல் பட்டா நிலத்து மரம் நில உரிமையாளருக்கே சொந்தம். ஆனாலும் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் கிடங்குகளில் ஏலம் நடக்கிறது. வைரக்கட்டையின் ஏல விலையே கிலோ பல ஆயிரம் ரூபாய். அப்படியிருக்க மலிவுத் தூள் எங்கிருந்து வரும்? வேறு மரத்தூளில் செயற்கை வாசனை ஏற்றியதாக இருக்கும். இல்லாவிட்டால் எண்ணெய் வடித்தெடுத்த சக்கையாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் திருட்டு மரம். மூன்றில் எதுவும் உங்கள் லேபிளுக்கு ஆகாது. கிடங்கு ரசீதும் போக்குவரத்துச் சீட்டும் தொடர்ச்சியாகக் காட்டக்கூடியவரிடம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் சந்தனத்தை எடுத்துவிட்டுப் பெயரையும் எடுத்துவிடுங்கள். 40 கிலோ பொடியில் 800 கிராம் போலிச் சந்தனம் இருப்பதால் தோலுக்கு எந்த நன்மையும் இல்லை.

பூலாங்கிழங்கில் பெயர்க் குழப்பம். இமயமலைக் காடுகளில் தோண்டி எடுக்கும் கபூர் கச்ரி என்ற கிழங்கும் இந்தப் பெயரில் வருகிறது; நம் பக்கம் பயிராகும் கிச்சிலிக்கிழங்கும் இதே பெயரில் வருகிறது. வட்ட வட்டமாக நறுக்கிக் காயவைத்து, வெள்ளைச் சதையும் சிவந்த தோல் விளிம்புமாக இருந்தால் அது பெரும்பாலும் கபூர் கச்ரி. கடைக்காரரிடம் ‘டெல்லிச் சரக்கா, நம்மூர்ச் சரக்கா?’ என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மாதம் 2 கிலோ தேவைக்குப் பயிர் செய்த கிச்சிலிக்கிழங்கோ கேரளத்தில் பயிராகும் கச்சோலமோ போதும். இரண்டுமே ஆண்டுப் பயிர். கச்சோலத்தின் வாசனை தூக்கலாக இருக்கும். பூலாங்கிழங்கு போட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்கு போதும். எது போட்டாலும் லேபிளில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

வேர் என்றாலே ஒதுக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெட்டிவேர் நல்ல எடுத்துக்காட்டு. கடலூர்க் கடலோர மணல் நிலங்களில் இது முறையான பயிர். ஒரு வருடத்துக்கு மேல் வளர்ந்த தூரைப் பிடுங்கி, வேரை அறுத்துக்கொண்டு, மேல்தூரைச் சிறு சிறு நாற்றாகப் பிரித்து அதே வயலில் நடுகிறார்கள். மணல் என்பதால் வேர் அறுபடாமல் நீளமாக வருகிறது. தவறு எங்கே நடக்கிறது என்றால், ஆற்றங்கரையிலும் ஓடைச் சரிவிலும் தானாக வளர்ந்ததைத் தோண்டும்போது. கரையைப் பிடித்து நிற்பதே அந்த வேர்தான். மழைக்கு முன் தோண்டினால் அடுத்த வெள்ளத்தில் கரை சரியும். ஆகவே வயல் வெட்டிவேர் மட்டும் வாங்குங்கள். எண்ணெய் வடித்த பிறகு மிஞ்சும் சக்கை வேரும் சந்தையில் உலவுகிறது. ஒரு கைப்பிடி வேரை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து முகர்ந்து பாருங்கள். நல்ல வேர் என்றால் நீரே மணக்கும். சக்கை வெறும் வைக்கோல் வாசனைதான் தரும்.

கோரைக்கிழங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். எவ்வளவு தோண்டினாலும் விவசாயி உங்களுக்கு நன்றி சொல்வார். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த நிலத்தில் களைக்கொல்லி அடித்தார்களா? கோரைக்கென்றே அடிப்பது வழக்கம் என்பதால் இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மகிழம்பூ உதிர்வதைப் பொறுக்குவது. விடியலில் மரத்தடியில் துணி விரித்துச் சேர்த்தால் மண் ஒட்டாது. ரோஜாவில் பிரச்சினை காடு அல்ல, பூச்சிமருந்து. நிலக்கோட்டைப் பூச்சந்தை உங்களுக்குப் பக்கம்தான். ஆனால் சந்தையில் விலை போகாமல் மிஞ்சிய பூவை மொத்தமாக அள்ளி வராதீர்கள். ஒரு விவசாயியிடம் நேரில் பேசி, கடைசியாக மருந்தடித்து இரண்டு வாரமாவது ஆன பின் பறித்த பூவாக வாங்குங்கள்.

கார்போகரிசி விதைதான், ஆண்டுச் செடி, வளங்குன்றும் பிரச்சினை இல்லை. ஆனால் அதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலில் தங்கி வெயில் பட்டால் தோல் சிவந்து, கறுத்து, சிலருக்குக் கொப்புளமே வரும். நீங்கள் இதைக் கேட்கவில்லை என்றாலும் சொல்லாமல் விடக்கூடாது. குளித்துவிட்டு வெயிலில் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கும் உங்கள் பொடிதான். தினசரிப் பொடியிலிருந்து இதை எடுத்துவிடுங்கள்.

இனி ஆவாரம்பூவும் கஸ்தூரி மஞ்சளும். இந்த இரண்டிலும் நீங்கள் வாங்குபவர் என்ற நிலையைத் தாண்டி, மூலத்தோடு நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ள முடியும். பெங்களூர்க் கடைக்குக் காட்ட இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரம்பூ தரிசெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்து, எவ்வளவு பறித்தாலும் தீராது என்று தோன்றும். ஆனால் பூ போனால் காய் இல்லை, காய் இல்லாமல் விதை இல்லை. ஒரே புதரை வாரா வாரம் மொட்டையடித்தால் அங்கே புதுச் செடி முளைக்காது. பழைய புதர் காய்ந்ததும் இடம் வெறுமையாகிவிடும். இந்தப் பூவைத் தேடி வரும் கருவண்டுகளுக்கும் பங்கு வேண்டும். பறிப்பவர்களிடம் மூன்றே நிபந்தனை வையுங்கள். புதருக்கு மூன்றில் ஒரு பங்கு பூவைக் கொத்தோடு விட்டுவிட வேண்டும். கிளையை ஒடிக்கக் கூடாது, கையால் பூவை மட்டும் கிள்ள வேண்டும். வண்டி ஓடும் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி நிற்கும் புதர்களில்தான் பறிக்க வேண்டும். சாலைப் புழுதியும் புகையும் பூவோடு பொடிக்குள் வந்துவிடும்.

கிளையை ஒடிக்கும் பழக்கம் ஏன் வருகிறது தெரியுமா? பச்சை எடைக்குக் கூலி கொடுப்பதால். காம்பும் இலையும் சேர்ந்தால் எடை கூடும், வேலை சீக்கிரம் முடியும். சேகரிப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் வைத்த விலை முறை அப்படி. இதழாகக் காயவைத்த, காம்பு இல்லாத பூவுக்கு என்று தனி விலை பேசுங்கள், அதைப் பச்சைப் பூவின் விலையோடு ஒப்பிட்டு லாபமாக இருக்கும்படி பேசுங்கள். முன்பணம் கொடுத்தால் விலையை முன்பணத்தோடு கட்டிப்போடாதீர்கள். வியாபாரியிடம் வாங்கிய கடனுக்காகவே பிஞ்சும் பூவும் பாராமல் பறித்துக் கொட்ட வேண்டிய நிலை மலைக் கிராமங்களில் இன்றும் இருக்கிறது.

உலர்த்துவதில்தான் பெரும்பாலான ஆவாரம்பூ கெடுகிறது. பறித்ததைச் சாக்கில் அமுக்கி மாலை வரை வைத்தால் உள்ளே சூடேறிப் பூ கறுத்துவிடும். பின்னால் எவ்வளவு காயவைத்தாலும் நிறம் திரும்பாது. கூடையில் தளர்வாக எடுத்து வந்து, இரண்டு மணி நேரத்துக்குள் நிழலில், வலைத்தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். காற்றோட்டம் இருந்தால் மூன்று நான்கு நாளில் கையில் நொறுங்கும் பதம் வரும். ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குக் கீழே போன பின்தான் மூட்டை கட்ட வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பூசணம் பிடிக்கும். பூசணத்தை அரைத்து மறைத்துவிடலாமே தவிர நீக்க முடியாது. ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ என்று தோராயமாக வைத்துக்கொண்டால், உங்கள் ஆண்டுத் தேவையான 48 கிலோவுக்கு 240 கிலோ பச்சைப் பூ வேண்டும். இதில் கொஞ்சத்தை உங்கள் நிலத்து வேலியிலேயே வளர்க்கலாம். விதையைச் சூடான நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து மழைக்கு முன் ஊன்றினால் தண்ணீர் ஊற்றாமலே பிடித்துக்கொள்ளும்.

கஸ்தூரி மஞ்சளில் முதல் வேலை, உங்களிடம் இருப்பது அதுதானா என்று பார்ப்பது. உண்மையான கஸ்தூரி மஞ்சளை நறுக்கினால் உள்ளே வெளிறிய சந்தன நிறமாக இருக்கும், கற்பூர மணம் வீசும், கையில் மஞ்சள் ஒட்டாது. கடையில் பளிச்சென்று மஞ்சளாகக் கிடைக்கும் தூள் வேறு காட்டு மஞ்சளாகவோ சாதாரண மஞ்சள் கலந்ததாகவோ இருக்கும். முழுக் கிழங்காகவோ வில்லையாகவோ மட்டும் வாங்குங்கள், தூளாக வேண்டாம். இந்த விதி எல்லாச் சரக்குக்கும் பொருந்தும். தூளான பின் எந்த நிபுணராலும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

மாதம் 4 கிலோ என்றால் ஆண்டுக்கு 48 கிலோ காய்ந்த கிழங்கு, பச்சையாக 240 கிலோ. சென்டுக்கு 40 கிலோ விளைச்சல் என்று குறைத்தே கணக்கிட்டாலும் ஆறு சென்ட் நிலம் போதும். ஆமாம், ஆறே சென்ட்! இவ்வளவு சிறிய பரப்புக்கு ஒரு விவசாயியோடு முன்கூட்டியே விலை பேசி எழுதிக்கொள்வது கடினமல்ல. அவர் பக்கத்து விவசாயிகளோடு சேர்ந்து ஐந்து பேர் குழுவாக இருந்தால், விவசாயிகளே ஒருவரையொருவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். இந்தியா முறையில் குறைந்த செலவில் ஆர்கானிக் சான்று பெறலாம். தனியாகச் சான்று வேண்டுமென்றால் கோவையில் தமிழ்நாடு விதை மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது.

மலைச் சரக்கு வேண்டும்போது, சீயக்காய், பூந்திக்கொட்டை போன்றவற்றை இடைத்தரகர் இல்லாமல் வாங்க வழிகள் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி சிறு வன மகசூல், அதாவது வெட்டுமரம் அல்லாத காட்டுப் பொருள்கள் மீதான உரிமை பழங்குடியினருக்கும் காடு சார்ந்து வாழும் மக்களுக்கும் உரியது. மலைப்பகுதிகளில் ‘லாம்ப்ஸ்’ எனப்படும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் சேகரித்து விற்கின்றன. கோத்தகிரியை மையமாகக் கொண்ட ஆதிமலைப் பழங்குடியினர் தயாரிப்பாளர் நிறுவனமும், சேகரிக்கும் பெண்களே பங்குதாரர்களாக உள்ள மதுரையின் கிராம மூலிகை நிறுவனமும் இந்த வழியில் இயங்குபவை. சென்னை ராசப்பச் செட்டித் தெரு விலையைவிட அதிகமாக இருக்கலாம். உங்கள் பொடியில் சீயக்காய் இல்லை. ஆனால் தலைக்குத் தேய்க்கும் பொடி செய்ய நினைத்தால் சீயக்காயோடு அரப்பையும் யோசியுங்கள். உசிலை மரத்தின் இலைதான் அரப்பு. உருவினால் மீண்டும் துளிர்க்கும், உங்கள் மாவட்டத்திலேயே கிடைக்கும்.

ஆதாரம் என்று கேட்டார்களே, அதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு எண். அதற்கு எதிரே செடியின் தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர், பாகம், பறித்த ஊர், பறித்த மாதம், பறித்தவர் அல்லது விற்றவர், பச்சை எடை, காய்ந்த எடை, கொடுத்த விலை, எந்தெந்த பேட்ச்சில் போனது. ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் 50 கிராம் எடுத்து எண் எழுதிய கண்ணாடிப் புட்டியில் விற்பனைக் காலம் முடியும் வரை வையுங்கள். முதல் முறை வாங்கும் செடிக்குப் பூவோடும் இலையோடும் கூடிய ஒரு கிளையை நாளிதழுக்கிடையில் அழுத்திக் காயவைத்து, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்கு அனுப்பினால், கட்டணம் பெற்றுக்கொண்டு இன்ன செடி என்று எழுத்தில் உறுதி செய்து தருவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பச்சை எடையையும் காய்ந்த எடையையும் ஒப்பிடுங்கள். 100 கிலோ பச்சைப் பூவில் 40 கிலோ காய்ந்த பூ வந்ததாகக் கணக்கு இருந்தால், சரியாகக் காயவில்லை, இல்லையென்றால் எங்கிருந்தோ வேறு சரக்கு கலந்திருக்கிறது.

சட்டத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, தாவர வளத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துபவர் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பயிர் செய்த மூலிகைகளுக்கு 2023 திருத்தத்தில் விலக்கு உண்டு. ஆனால் பயிர் செய்ததுதான் என்பதற்கு அந்த ஊர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் தோற்றச் சான்று வேண்டும். அந்த விவசாயியிடம் ஒப்பந்தம் போடும்போதே இதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். தாவர வளத்தால் வரும் லாபத்தில் அதைக் காத்துவரும் மக்களுக்கெனக் கட்டும் பலன் பகிர்வுத் தொகையைப் பொறுத்தவரை, 2025இல் வந்த ஒழுங்குமுறையில் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு அது கிடையாது. தெரிவிப்பது வேறு, தொகை கட்டுவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள்.

சோப்புக்கும் லிப் பாமுக்கும் சுருக்கமாக. கடையில் வாங்கும் சோப் பேஸும் கிளிசரினும் பெரும்பாலும் பாமாயிலில் பிறந்தவை. காட்டை அழிக்காத பாமாயிலுக்கான ஆர்.எஸ்.பி.ஓ. முத்திரை இருந்தால் ‘செக்ரிகேட்டட்’டா ‘மாஸ் பேலன்ஸ்’ஸா என்று கேளுங்கள். முதலாவதில் சான்று பெற்ற எண்ணெய் தனியாகவே வருகிறது. இரண்டாவதில் சாதாரண எண்ணெயோடு கலந்து வரும். கணக்கில் மட்டும் அளவு சரிபார்க்கப்படும். லிப் பாமில் தேன்மெழுகுக்குப் பதில் கேண்டலில்லா மெழுகு போடச் சொல்வார்கள். அது மெக்சிகோ பாலைவனப் புதரிலிருந்து வருவது, சைட்டிஸ் பட்டியலில் உள்ளது, சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். சோப்புக்கு இலுப்பை எண்ணெயைச் சோதித்துப் பாருங்கள். கோயில் விளக்குக்கென்று ஊர்தோறும் இருந்த மரம். விதை பொறுக்க ஆள் இருந்தால் மரத்தை வெட்ட மனம் வராது.

லேபிளில் ‘இயற்கையானது’, ‘பசுமையானது’, ‘நிலைத்த முறையில் பெறப்பட்டது’ என்று பொதுவாகப் போடாதீர்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதலின்படி, இத்தகைய சொற்களுக்கு விளக்கமும் சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் கூடவே இருக்க வேண்டும். காட்ட முடிந்ததை மட்டும் எழுதுங்கள். ‘கஸ்தூரி மஞ்சள்: திண்டுக்கல் மாவட்டத்தில் பயிர் செய்தது. வெட்டிவேர்: கடலூர் மாவட்ட வயல்களில் பயிர் செய்தது. ஆவாரம்பூ: மூன்றில் ஒரு பங்கைச் செடியில் விட்டு, கையால் பறித்தது. சந்தனம், சடாமாஞ்சில் சேர்க்கவில்லை.’ இந்த நான்கு வரிகளோடு நோட்டின் இரண்டு பக்க நகலையும் பெங்களூருக்கு அனுப்புங்கள். ரோஜாவுக்கும் பாசிப்பயறுக்கும் இன்னும் மூலம் தெரியவில்லை என்றால், அதையும் அப்படியே எழுதி, எந்த மாதத்துக்குள் சரிசெய்வீர்கள் என்று குறிப்பிடுங்கள். சரக்கை உண்மையிலேயே அக்கறையோடு பார்க்கும் கடைக்காரர், எல்லாம் சரி என்று சொல்பவரைவிட இப்படி எழுதுபவரைத்தான் நம்புவார்.

கஸ்தூரி மஞ்சள் நடவு கோடை மழையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில். அறுவடை வர ஏழெட்டு மாதமாகும். விதைக்கிழங்கை நறுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதால், அந்த ஆறு சென்ட் விவசாயியை மார்ச் முடிவதற்குள் போய்ப் பாருங்கள்.